ஈப்போ வேலையா, சொந்தத் தொழிலா? நோட்டுக் கணக்கு சொல்வது வேறு

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட்டுக்காரி. கிராஃபிக் டிசைன் படித்து இப்போதுதான் பட்டம் வாங்கினேன். ஈப்போவில் ஒரு விளம்பர நிறுவனம் 2,300 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. படிக்கும்போதே கல்யாண அட்டை, சடங்கு பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்து கொடுத்து வந்தேன். நல்ல மாதத்தில் 3,500 வரை வரும். தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த அப்பா, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலைதான் வேலை என்கிறார். டவுனில் அச்சுக்கடை வைத்திருக்கும் மாமாவோ, "அடுத்தவனுக்கு ஏன் உழைக்கிறே, சொந்தமா செய்" என்கிறார். பிடிபிடிஎன் (அரசு உயர்கல்வி நிதி) கடன் 22,000 வெள்ளி இருக்கிறது. என் ஓராண்டுக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: நோட்டு எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு சபாஷ். பத்து வருடம் கடை நடத்துபவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

ஆனால் நோட்டு சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றாக இல்லை. ஓராண்டில் கைக்கு வந்தது 26,400 வெள்ளி. அதில் அச்சுக்கூலியாக வெளியே போனது 9,900. சாப்ட்வேர், இன்டர்நெட், பெட்ரோல் என்று 2,100. மிச்சம் 14,400, அதாவது மாதத்துக்கு 1,200 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல் 1,700 வெள்ளி! அந்த 3,500 வந்த மாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் பேனர் அடிக்கப் போயிருக்கிறது.

'படித்துக்கொண்டே செய்தேன், முழுநேரம் இறங்கினால் கூடுமே' என்பீர்கள். கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. உங்களுக்கு நேரம் கிடைத்ததற்காக ஊரில் கல்யாணம் கூடப் போவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் உங்கள் நோட்டுப் பக்கம் ஏறக்குறைய காலி. தைப்பூசமும் தீபாவளியும்தான் ஆண்டைத் தூக்கி நிறுத்துகின்றன. ஒரு கோயில் வரியில் "450, பாதி பாக்கி, தலைவர் படம் பெரிசாக்கணும், மூணாவது தடவை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வந்தது. அந்தப் பாக்கி வந்ததாக நோட்டில் எங்கும் காணோம். இனி பாதிப் பணம் முன்பணமாக வராமல் கம்ப்யூட்டரையே திறக்காதீர்கள். இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று விலைப்பட்டியலிலேயே போட்டுவிடுங்கள்.

மாமா நல்ல மனசோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த 9,900 வெள்ளி பெரும்பாலும் அவர் கடைக்குத்தான் போகிறது. நீங்கள் வேலைக்குப் போனால் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார். ஈப்போவில் இரண்டு அச்சகங்களில் விலை கேட்டுப் பாருங்கள். சொந்தக்காரர் என்பதால் அவர் விலையே சரி என்று இருந்துவிட வேண்டாம்.

இப்போது ஈப்போ வேலை. 2,300 வெள்ளியில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 253 வெள்ளி, பிடிப்பார்கள். சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வேலை காப்புறுதி எல்லாம் போக கையில் 2,030 வெள்ளி சொச்சம் வரும். முதலாளி தன் பங்காக சேமநிதியில் 13 விழுக்காடு, 299 வெள்ளி, போடுவார். உங்கள் கண்ணில் படாத சம்பளம் அது, ஆண்டுக்கு 3,588 வெள்ளி. பிறகு கார் கடனுக்கு வங்கியில் போய் நிற்கும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே வேலையில் சேருங்கள், தொழிலை விடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தில், வெளியில் வேலை செய்யக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஊர்க் கல்யாண அட்டை, கோயில் வேலைக்கு மட்டும் விலக்கு கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிறுவன வாடிக்கையாளரைத் தொடமாட்டேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

டிசைன் படித்தவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் இருக்கும்போது நீங்கள் வரைந்தது முதலாளியுடையது. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வெளி வேலையும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவருக்கே போகும். லோகோ மாதிரி வேலைகளுக்கு உரிமை யாருக்கு, மூலக் கோப்பு கொடுப்பீர்களா என்பதை விலைப்பட்டியலில் எழுதிவிடுங்கள்.

தொழிலை எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60 வெள்ளி, அவ்வளவுதான். தொழில் வருமானம் இருந்தால் வரிக்கு, சம்பளம் மட்டும் வாங்குவோர் போடும் பிஇ பாரம் கிடையாது, பி பாரம். அச்சுக்கூலி ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கழித்துக்கொள்ளலாம்.

எப்போது வேலையை விடலாம்? ஆடி, மார்கழி இரண்டும் உள்ளடங்கிய ஓராண்டில், அச்சுக்கூலியும் மற்ற செலவும் போக மாதச் சராசரி, சம்பளமும் முதலாளியின் சேமநிதிப் பங்கும் சேர்ந்த 2,600 வெள்ளியைத் தொட்டு, ஆறு மாதச் செலவும் கையில் இருந்தால் விடுங்கள். தனியாக இறங்கும்போது, சொந்தத் தொழில் செய்வோர் தாமாகவே சேமநிதி கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் சேமநிதியைத் தொடருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி நீங்கள் போடுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு சேர்த்துப் போடுகிறது. சொக்சோவிலும் சொந்தத் தொழில் செய்வோருக்கென்று தனித் திட்டம் இருக்கிறது.

பிடிபிடிஎன்னைத் தள்ளிப் போடாதீர்கள். படிப்பு முடிந்து 12 மாதத்தில் கட்டத் தொடங்க வேண்டும். கட்டாமல் விட்டால், வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவில் ஏறி, நாளை மோட்டார் கடனுக்குக்கூட இடிக்கும். முதல் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்யச் சொல்லிவிடுங்கள்.