பை கசிகிறது என்று தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை அகற்றி, வயிற்றின் வலப்பக்கம் சிறுநீர் வெளியேற ஸ்டோமா என்ற செயற்கை வாய் அமைத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. ஒட்டும் பை அடிக்கடி கசிந்து, சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிட்டது. கசிவுக்கு அஞ்சி அவர் தண்ணீரைக் குறைத்துவிட்டார். சிறுநீரில் வெள்ளை இழைகள் தெரிகின்றன. பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சிறுநீரில் கிருமி இருப்பதாக ஆய்வக முடிவு வந்துள்ளது. காய்ச்சல் இல்லை. என்ன செய்வது?

பதில்: தண்ணீரைக் குறைப்பதை உங்கள் தந்தை இன்றே நிறுத்த வேண்டும். குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து தோலை மேலும் அரிக்கும். தொற்றுக்கும் கல்லுக்கும் இடம் கொடுக்கும். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றி, நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் அவர் குடிக்கட்டும்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் பையின் துளை அளவுதான். அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கும். மருத்துவமனையில் வெட்டித் தந்த அளவிலேயே நீங்கள் இன்றும் துளையை வெட்டினால், இடைவெளியில் தேங்கும் சிறுநீர் தோலைப் புண்ணாக்குவதோடு ஒட்டுத்தகட்டையும் பெயர்த்துவிடும். ஒவ்வொரு முறையும் அளவு அட்டையால் ஸ்டோமாவை அளந்து, அதைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். காலையில் எதுவும் குடிப்பதற்கு முன் மாற்றினால் சிறுநீர் குறைவாகச் சுரக்கும். வெறும் தண்ணீரால் கழுவி, சுருட்டிய காஸ் துணியை ஸ்டோமாவின் மேல் வைத்துக்கொண்டு தோலை நன்றாக உலர்த்துங்கள். எண்ணெயோ களிம்போ தடவினால் தகடு ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் பையைக் காலி செய்யுங்கள். இரவில் பெரிய பையுடன் குழாயை இணைத்துவிட்டால் அவர் நிம்மதியாக உறங்கலாம்.

வெள்ளை இழைகளைக் கண்டு பதற வேண்டாம். 1950-இல் பிரிக்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பரவலாக்கிய இம்முறையில், சிறுகுடலிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் துண்டைப் பிரித்து, சிறுநீரகக் குழாய்களை அதில் இணைக்கிறோம். அது குடலாகவே இருப்பதால் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். துடைக்கும்போது துளி இரத்தம் கசிவதும் இயல்பே.

பையில் தேங்கிய சிறுநீரைச் சோதித்தால் கிருமி தென்படாமல் இராது. அந்த முடிவை மட்டும் நம்பி, காய்ச்சல் இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். சோதனை தேவைப்பட்டால் ஸ்டோமாவுக்குள் தூய மெல்லிய குழாயைச் செலுத்தி மாதிரி எடுக்க வேண்டும். ஆனால் குளிர்காய்ச்சலோ விலாப்புற வலியோ வந்தாலும், ஸ்டோமா கருத்தாலும், சில மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தத்தின் அமிலநிலையையும் காட்டும் கிரியேட்டினின், பைகார்பனேட் அளவுகளையும் சிறுநீரக ஸ்கேனையும் உங்கள் அறுவை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பாருங்கள். துளையைச் சரிசெய்த பிறகும் கசிந்தால், ஸ்டோமா தோல்மட்டத்துக்கு உள்வாங்கியிருக்கலாம். அதற்குக் குவிந்த வடிவத் தகடு தேவைப்படும். அடுத்த முறை செல்லும்போது கழற்றிய தகட்டை எறியாமல் கொண்டுபோங்கள். அதன் பின்புறம் கரைந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் கசிகிறது என்பது செவிலியருக்குத் தெரிந்துவிடும்.