பித்தளைக் குழலா, பரண் பெட்டியா?

கேள்வி: அண்ணாச்சி, டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் பளபளவென்று பித்தளைக் குழல் வைத்த கிராமபோன், நாய் படத் தகடு வேறு, 18,000 ரூபாய் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் குழலே இல்லாத மேஜைப் பெட்டி ஒன்று கிடக்கிறது, சாவி சுற்றினாலும் தட்டு நகரவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: பரணில் கிடப்பதை இறக்குங்கள் தம்பி. குழல் அவ்வளவு மினுங்கினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏதோ ஒரு கைப்பெட்டி கிராமபோனில் கழற்றிய மோட்டாரைப் புதுப் பலகைக்குள் வைத்து, குழலும் தகடும் புதிதாகச் செய்து மாட்டி விற்பது நம் நாட்டில் ரொம்ப காலமாக நடக்கிற வியாபாரம். கடைக்காரர் பார்க்காதபோது அடிப்பலகையைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டார் ஸ்குரூவும் பிளைவுட்டும் கண்ணில் பட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

உங்கள் பெட்டியிலும் குழல் உண்டு, உள்ளே. 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி, குழல் பெட்டிக்குள்ளேயே இருக்கிற விக்ட்ரோலா கிராமபோனைக் கொண்டுவந்த பிறகு குழலை மறைத்து வைப்பதுதான் நாகரிகம் என்று ஆகிப்போனது.

சரி, தட்டு ஏன் நகரவில்லை? முதலில் பிரேக்கை விட்டீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே இதில் அரை நாளைத் தொலைத்தவன். சாவி இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது கொக்கி கழன்றிருக்கும். இறுகியும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்த கதைதான். தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே கூடாது, அதுவே பிறகு பிசினாகிவிடும். ஸ்பிரிங் இருக்கிற டப்பாவைத் திறக்கவும் வேண்டாம், சுருண்ட எஃகுப் பட்டை விசிறி அடித்தால் கை கிழிந்துவிடும். பழக்கமுள்ள ஆளிடம் கொடுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் தட்டுக்கடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டிவிட்டு நிமிடத்துக்கு 78 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள். அந்தக் கால நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா ஏற்கெனவே உச்சத்தில் பாடுகிறவர், வேகம் கூடினால் கீச்சென்று ஆகிவிடுவார். பாட்டு கரகரத்தால் ஊசி மாட்டுகிற வட்டத் தலையான சவுண்ட் பாக்ஸில் காக்காப்பொன் (மைக்கா) தகட்டைப் பிடித்திருக்கிற ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும், அதை மாற்றினாலே பாதிக் கரகரப்பு போகும். அப்புறம் ஊசி. எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் தூக்கிப் போட வேண்டும், அதில் கஞ்சம் பிடித்தால் தேய்வது இசைத்தட்டு.

கேள்வி: அதே பெட்டியில் எல்.பி. (நெடுநேரம் பாடும்) இசைத்தட்டு போடலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: வேண்டாம்மா. 78 தட்டு அரக்கு கலந்து செய்தது, கடினமானது. எல்.பி. வினைல் பிளாஸ்டிக், மெத்தென்றிருக்கும், அதன் மேல் நூறு கிராமுக்கு மேல் எடையோடு எஃகு ஊசி இறங்கினால் உழுதுவிட்டுத்தான் போகும், ஒரே தடவையில்.