ட்ரைபாட் இல்லாம கேமராவ ஆடாம பிடிக்கிறது எப்படி?

பகல்ல எடுக்குற போட்டோ எல்லாம் பளிச்னு வருது, சாயங்காலம் ஆயிட்டா எல்லாமே லேசா கலங்கிப்போகுது, ட்ரைபாட் தூக்கிட்டு அலையவும் முடியலன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே கதைதாங்க. ரொம்ப நாள் லென்ஸ் மேலயே பழி போட்டுட்டு இருந்தேன், கடைசியில பார்த்தா தப்பு என் ஆள்காட்டி விரல்ல.

நான் ஷட்டர் பட்டன அமுக்கல, குத்திட்டு இருந்தேன். உங்களுக்கும் அப்படியான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. டிஎஸ்எல்ஆர்னா (உள்ள கண்ணாடி வெச்ச, லென்ஸ் மாத்துற கேமரா) கேமராவ ஆஃப் பண்ணிட்டு, லென்ஸ முழுசா ஸூம் பண்ணி, தூரத்துல இருக்குற ஏதாவது ஒரு எழுத்த வியூஃபைண்டர், அதாவது கண்ண வெச்சுப் பார்க்குற சின்ன ஜன்னல், நடுவுல வெச்சு, எப்பவும் போல பட்டன அமுக்குங்க. அந்த எழுத்து சட்டுனு மேல துள்ளும். அது ஏன்னா, வலது கையால கீழ அமுக்குறப்போ கேமராவோட மூக்கு ஆடுது, அதைத் தாங்க அடியில எதுவும் இல்ல. இப்ப இடது உள்ளங்கைய லென்ஸுக்கு அடியில ஏந்துற மாதிரி வெச்சு, ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டிக்கிட்டு, பாதி அமுக்கி நிறுத்தி, மூச்ச பாதி விட்டுட்டு, மீதிய விரல உருட்டுற மாதிரி மெதுவா அமுக்குங்க. சத்தம் கேட்டதும் விரல எடுத்துடாதீங்க, ஒரு நொடி அப்படியே இருக்கட்டும். எழுத்து அந்தளவுக்கு துள்ளாது. நிறைய பேர் மூச்ச இழுத்து அடக்கிக்கிட்டு எடுக்குறாங்க, ரொம்ப நேரம் அடக்கினா நெஞ்சு படபடக்கும், அதுவும் கேமராவுக்கு வந்து சேரும்.

வியூஃபைண்டர் இருந்தா தயவுசெஞ்சு அதுலதான் பாருங்க. புருவத்தோட அழுத்தி வெச்சா ரெண்டு கையோட மூணாவதா ஒரு முட்டு கிடைக்குது. கைய நீட்டி ஸ்க்ரீன பார்த்து எடுக்குறதுதான் இருக்குறதுலயே மோசமான பிடி.

அடுத்தது கணக்கு, இது சுலபம். லென்ஸ் எத்தனை எம்எம்ல (குவியத் தூரம்) இருக்கோ, நொடியில அத்தனைல ஒரு பங்க விட ஷட்டர் ஸ்பீட், அதாவது ஷட்டர் திறந்திருக்குற நேரம், நீளக்கூடாது. 50 எம்எம்னா 1/50 நொடி, 200 எம்எம்னா 1/200. ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) இல்லாம ஏபிஎஸ்-சிங்கிற சின்ன சென்சார் கேமராவா இருந்தா சுமார் 1.5 ஆல பெருக்கிக்கோங்க, அப்ப 200 எம்எம்முக்கு 1/300, கேமராவுல 1/320 வெக்கலாம். வெளிச்சம் பத்தலன்னா ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா படத்த எவ்வளவு பிரகாசமாக்கணும்ங்கிற செட்டிங்க, ஏத்துங்க. ஐஎஸ்ஓ ஏத்தினா புள்ளி புள்ளியா வரும்னு பயந்து 1/15ல கையில பிடிச்சு எடுக்குறத நிறைய பேர்கிட்ட பார்த்திருக்கேன். புள்ளிய அப்புறம் சாஃப்ட்வேர்ல ஓரளவு சரி பண்ணலாம், ஆடின படத்த அப்படி பண்றது ரொம்ப கஷ்டம். லென்ஸ்ல ஸ்டெபிலைசர் (ஆட்டத்த ஈடுகட்டுற அமைப்பு) இருந்தா இந்தக் கணக்குக்குக் கீழயும் போகலாம்தான், ஆனா அது உங்க கை ஆட்டத்த மட்டும்தான் சமாளிக்கும், எதிர்ல ஓடுற குழந்தைய நிறுத்தாது.

சுவரோ தூணோ இருந்தா தோள சாய்ச்சுக்கோங்க, இல்லன்னா லென்ஸ பிடிச்சிருக்குற இடது கைய தூணோட சேர்த்து அழுத்துங்க. ஒத்தக்கால்ல முட்டி போட்டு எடுக்குறப்போ முழங்கைய முட்டி எலும்பு மேல வெக்காதீங்க, எலும்பு மேல எலும்பு வழுக்கும், கொஞ்சம் தள்ளி தொடைச் சதையில வெச்சா நிக்கும். கட்டைச்சுவர் மாதிரி ஏதாவது கிடைச்சுதுன்னா அதுல உங்க பைய வெச்சு, பை மேல கேமராவ அமுக்கி உக்கார வெச்சு, 2 நொடி டைமர் வெச்சுட்டு கைய எடுத்துருங்க, ஆள் நடமாட்டம் இல்லாத காட்சின்னா இதுல ரெண்டு மூணு நொடி ஷட்டர் திறந்திருக்குற படம் கூட சாதாரணமா வரும். போன்லயும் டைமர் இதே வேலைய செய்யும்.

இன்னொண்ணு, கன்டினியூஸ் மோடுல (பட்டன அமுக்கிட்டே இருந்தா தொடர்ந்து படம் எடுக்குற மோடு) வெச்சு நாலஞ்சு படம் சேர்த்து எடுங்க. முதல் படத்துல அமுக்குற ஆட்டம் இருக்கும், கடைசியில விரல எடுக்குற ஆட்டம் இருக்கும், நடுவுல இருக்குறது ஒண்ணாவது தேறும்.

கடைசியா நான் பையிலயே வெச்சிருக்குற சமாச்சாரம், ஒரு கயிறு. கேமராவுக்கு அடியில ட்ரைபாட் மாட்டுற ஓட்டைக்கு சேர்ற கால் இன்ச் போல்ட் ஒண்ணு, அதுல உங்க உயரத்துக்கு கயிறு கட்டி, மறுமுனைய கால்ல மிதிச்சுட்டு, கேமராவ கண்ணுக்கு நேரா தூக்கி கயிறு விறைப்பா இருக்குற அளவுக்கு மேல இழுத்துப் பிடிங்க. பார்க்க கோமாளித்தனமாத்தான் இருக்கும், ஆனா மேல கீழ ஆடுறது நல்லாவே குறைஞ்சுடும். பக்கவாட்டுல ஆடுறதுக்கு இது பெருசா உதவாது, அதுக்கு கயித்த ரெட்டையா நீளமா விட்டு ரெண்டு காலாலயும் முக்கோணமா மிதிச்சுக்கணும். போல்ட் வாங்குறப்போ நீளமா வாங்கிடாதீங்க, அந்த ஓட்டை சுமார் அரை சென்டிமீட்டர் ஆழம்தான், அடி முட்டினதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல முறுக்கினா கேமரா அடிப்பக்கம் போயிடும்.