எழுதும்போது இழுக்கும் விரல், தலைக்கு மேல் காந்தம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 54, பத்திர எழுத்தர். பேனா பிடித்து இரண்டு வரி எழுதுவதற்குள் விரல்கள் இறுகி மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. சாப்பிடவோ பொத்தான் போடவோ சிரமமே இல்லை. எம்.ஆர்.ஐ. நார்மல். தலையில் காந்தம் வைத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடுமாமே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வது 'ரைட்டர்ஸ் கிராம்ப்' எனும் டிஸ்டோனியா (தசைகள் தாமாகவே இறுகி முறுக்கிக்கொள்ளும் நோய்) வகையாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அதுவும் அப்பாவை எழுதச் சொல்லி, கையைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான். டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல், நோய் எப்படி உண்டாகிறது என்று ஆராய்வதற்கான கருவி. தனி ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறதா, இல்லையா என்று அது சொல்லாது.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இதைச் செய்து காட்டியது. செம்புக் கம்பிச் சுருளில் சில ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகப் பாய்கிறது. அப்போது எழும் காந்தப்புலம் ஏறத்தாழ 2 டெஸ்லா (காந்தப்புல அலகு). மண்டையோடு அதைத் தடுப்பதில்லை. கையை இயக்கும் மூளைப் பகுதியில் சிறு மின்னோட்டம் தூண்டப்பட, சுமார் 20 மில்லிநொடி கழித்து விரல் ஒருமுறை துடிக்கும்.

1993இல் குஜிராய் முதலியோர் இதோடு ஒரு நுட்பம் சேர்த்தார்கள். முதலில் பலவீனமான காந்தத் துடிப்பு, 2 அல்லது 3 மில்லிநொடி கழித்து வலுவானது. பலவீனமானது மூளையின் அடக்கும் நரம்பணுக்களை எழுப்பிவிடுவதால் விரலின் துடிப்பு நன்றாகச் சுருங்குகிறது. கை டிஸ்டோனியா உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைவு என்று 1995இல் ரிடிங் குழு காட்டியது. தொந்தரவு ஒரு கையில்தான். அடக்கக் குறைவோ மூளையின் இரு பக்கத்திலும்! ஆனால் நலமாக இருப்பவர்களிடமும் இந்த அடக்கத்தைக் காட்டும் எண் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது. அப்பாவின் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்போதைக்குத் தடித்த பேனா, போட்டுலினம் ஊசி (தசையைத் தளர்த்தும் மருந்து) பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: உடலியங்கியல் முதுநிலை மாணவன் நான். டிஸ்டோனியா நோயாளிகளிடம் இந்த இரட்டைத் துடிப்புச் சோதனை செய்கிறேன். ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு எண், மதியம் வேறு எண். எங்கே தவறுகிறேன்?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் தசையைச் சந்தேகியுங்கள். டிஸ்டோனியா கை ஓய்வில் இருப்பதாகத் தெரியும், இ.எம்.ஜி.யைப் (தசையின் மின்பதிவு) பெரிதாக்கினால் மெல்லிய சுருக்கம் ஓடிக்கொண்டிருக்கும். தசை லேசாக இறுகினாலே அடக்கம் குறைந்துவிடும். நோயின் விளைவை மூளையின் குறை என்று எழுதிவிடுவீர்கள். இ.எம்.ஜி. ஒலியை ஸ்பீக்கரில் போட்டு, நோயாளியே கேட்டுத் தளர்த்தும்படி செய்யுங்கள். முழங்கை முதல் விரல் நுனி வரை தலையணை கொடுங்கள். காந்தத் துடிப்புக்கு முந்தைய 100 மில்லிநொடியில் அலை தெரிந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து சுருள். எட்டு வடிவச் சுருளின் கைப்பிடி பின்னோக்கி, நடுக்கோட்டுக்கு 45 டிகிரியில் இருக்கட்டும். உச்சந்தலையிலிருந்து 5 செ.மீ. பக்கவாட்டில் தொடங்கி, ஒரு செ.மீ. வீதம் நகர்த்தி, விரல் துடிப்பு மிகப் பெரிதாக வரும் இடத்தை இறுக்கமான துணித் தொப்பியில் மையால் குறியுங்கள். அரை மணி நேரம் பிடித்தால் கை சோர்ந்து சுருள் சாயும். ஸ்டாண்டு இல்லையென்றால் இருவர் மாறி மாறிப் பிடியுங்கள்.

ஓய்வு நிலை வாசல் அளவு என்பது, 10 காந்தத் துடிப்புகளில் 5 முறையாவது தசையில் 50 மைக்ரோவோல்ட் எழுப்பும் மிகக் குறைந்த வலிமை. இரண்டாம் துடிப்பு தனியாக ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் தரும்படி வையுங்கள். மதியம் அது 0.4 ஆக இறங்கியிருந்தால், அதே வலிமையில் தொடராமல் மறுபடி சரிசெய்யுங்கள். அளவு வேறானால் ஒப்பிட முடியாது. முதல் துடிப்பை வலுவாக வைத்தாலும் சிக்கல்தான். 3 மில்லிநொடி இடைவெளியில் தூண்டும் விளைவும் கலந்து, அடக்கம் குறைந்ததுபோல் காட்டும். ஒரே வலிமையை நம்பாமல் மூன்று நான்கு வலிமைகளில் எடுத்து வளைகோடு வரையுங்கள். தனித் துடிப்பும் இரட்டைத் துடிப்பும் கலந்து, வகைக்கு 15 முதல் 20; இடையில் 5 நொடி, அதையும் சற்று முன்பின்னாக.

மருந்துச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். குளோனசெபாம் அடக்கத்தைக் கூட்டும். கார்பமசெபின் வாசல் அளவை உயர்த்தும். சோதனைக்காக நோயாளியை இவற்றைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். மாத்திரை விழுங்கிய நேரத்தைக் குறித்து, எல்லோருக்கும் அதே இடைவெளியில் அளந்தால் போதும். அந்தத் தசையில் அண்மையில் போட்டுலினம் போட்டிருந்தால் தசைத் துடிப்பே சிறுத்துவிடும்.

கேள்வி: இது ஷாக் சிகிச்சையா? எல்லோரும் செய்துகொள்ளலாமா?
- வாசகி, சேலம்

பதில்: இல்லை, மயக்க மருந்து கிடையாது. தலையில் தட்டியதுபோல் இருக்கும், 'டக்' என்ற சத்தம் பெரிது, காதடைப்பான் கட்டாயம். காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளைக்குள் மின்கம்பி, தலையில் உலோகத் துண்டு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். வலிப்பு வந்த வரலாற்றையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: என் தங்கையின் கை திடீர் திடீரென்று உதறுகிறது. "மனசுதான் காரணம்" என்கிறார்கள். காந்தச் சோதனையில் உண்மை தெரியுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த அடக்கச் சோதனையால் தெரியாது. 'மனசுதான் காரணம்' என்று சொல்லப்படும் மூளைச் செயல்பாட்டுக் கோளாறால் வரும் டிஸ்டோனியாவிலும் அதே குறைவு இருப்பதை 2006இல் எஸ்பே குழு கண்டது. உதறலுக்கு வேறு வழி உண்டு: இ.இ.ஜி.யையும் (மூளையின் மின்பதிவு) இ.எம்.ஜி.யையும் சேர்த்துப் பதிந்து, ஒவ்வொரு உதறலுக்கும் முந்தைய இரண்டு நொடிகளை அடுக்கிச் சராசரி எடுப்பது. உதறலுக்கு ஒரு நொடிக்கும் முன்பிருந்தே மெல்ல ஏறும் அலை வந்தால் செயல்பாட்டுக் கோளாறுக்கு ஆதரவான அடையாளம். மூளைப் புறணியிலிருந்து (மூளையின் வெளி அடுக்கு) வரும் மயோகுளோனஸ் எனும் திடீர் தசை உதறல் என்றால், கை உதறுவதற்கு ஏறத்தாழ 20 மில்லிநொடி முன்பு கூரிய அலை தெரியும். நாற்பது உதறலாவது சேர்ந்தால்தான் சராசரி தெளியும். அவ்வப்போது மட்டும் உதறினால் ஒரு அமர்வில் முடியாது.

அந்த மெல்ல ஏறும் அலை வந்தாலும் தங்கை நடிக்கிறாள் என்று பொருளில்லை. அவளால் நிறுத்த முடியாத உதறல்தான் அது. அதற்கென்றே பழகிய பிசியோதெரபி இருக்கிறது. உதறல் வரும் நேரத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.