மேய்ப்பன் வேஷம் வேண்டாம் என்கிறான் மகன்

கேள்வி: எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி கிறிஸ்துமஸ் நாடகத்தில் என் 9 வயது மகனுக்கு மேய்ப்பன் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். அவன் கேட்டது ராஜா வேஷம். "ஆட்டுக்குட்டியப் பிடிச்சிக்கிட்டு சும்மா நிக்கணும்பா, ஒரு வசனம்கூட இல்ல" என்று அழுகிறான். டீச்சரிடம் பேசி மாற்றச் சொல்கிறார் மனைவி. எனக்குக் கொண்டோவில் இரவுக் காவல் வேலை, மாலை 7 முதல் காலை 7 வரை. வேதத்தை எடுத்துப் படித்தே நாளாகிறது. அந்த மேய்ப்பர்களுக்கு அங்கே என்னதான் வேலை? அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?
- வாசகர், ஈசூன்

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

வேஷத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இந்தக் கதையை அவனுக்குச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இன்றே லூக்கா 2ஆம் அதிகாரத்தை எடுத்து, 8ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி இராத்திரியில் மந்தையைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். லூக்கா எழுதிய கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவர்கள் 'இரவின் காவல்களைக் காத்தார்கள்' என்று வரும். நைட் ஷிப்ட், சகோதரரே. ஊரே உறங்கும் நேரத்தில் கண்விழித்து வேலை பார்த்தவர்களிடம்தான் இயேசு பிறந்த செய்தியோடு தூதன் முதலில் வந்தான்.

மேய்ப்பர்கள் ஒதுக்கப்பட்டவர்கள், அவர்களுடைய சாட்சிகூடச் செல்லாது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் யூத எழுத்துகள் பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்டவை. லூக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. பிள்ளையிடம் போய், 'கேவலமான ஆட்களையும் ஆண்டவர் நேசித்தார்' என்று சொல்லிவிடாதீர்கள். அவன் மனம் இன்னும் சுருங்கிப்போகும். தாவீதைப் பற்றிச் சொல்லுங்கள். இயேசு பிறந்த அதே பெத்லகேமில், புது ராஜாவைத் தேர்ந்தெடுக்க வந்த சாமுவேல் தீர்க்கதரிசிக்கு முன், தாவீதின் அப்பா ஈசாய் தன் 7 மகன்களை நிறுத்தினான். கடைக்குட்டி தாவீதை யாரும் கூப்பிடவே இல்லை, அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். ராஜாவானது அவன்தான்! ராஜா வேஷம் கேட்கும் பையனுக்கு இது பிடிக்கும்.

மேய்ப்பர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளத்தையும் கவனியுங்கள். துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தியிருக்கும் ஒரு பிள்ளை. முன்னணை என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி போடும் தொட்டி. அடையாளம் அரண்மனைத் தொட்டிலாக இருந்திருந்தால் இவர்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். தீவனத் தொட்டியைத் தேடிப் போக ஆடு மேய்ப்பவனுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. எத்தனையோ கிறிஸ்துமஸ்களில் கேட்ட வசனம்தான். ஆனாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

வசனம் இல்லை என்கிறானே, அது நாடகத்தில் மட்டும்தான். 15ஆம் வசனத்தில் மேய்ப்பர்கள் பேசுகிறார்கள். பெத்லகேமுக்குப் போய்ப் பார்ப்போம், வாருங்கள் என்று ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். பார்த்த பிறகு சும்மா நிற்கவும் இல்லை. பிள்ளையைப் பற்றித் தங்களுக்குச் சொல்லப்பட்டதை மற்றவர்களிடம் சொன்னார்கள், கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துச் சிந்தித்தாள் மரியாள். பெற்ற தாய்க்கே அந்த இரவில் செய்தி கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

உங்கள் மகன் கேட்ட ராஜா வேஷத்துக்கு வருவோம். பிள்ளையைப் பார்க்க வந்ததாக நாடகங்களில் காட்டும் மூன்று ராஜாக்கள் லூக்காவில் கிடையாது. மத்தேயுவில் வருபவர்கள் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள். அவர்கள் ராஜாக்கள் என்றோ மூன்று பேர் என்றோ அங்கே எழுதவில்லை. அவர்கள் வந்தபோது பிள்ளை ஒரு வீட்டில் இருந்தது. மேய்ப்பர்களையும் அவர்களையும் ஒரே மேடையில் நிறுத்துவது நம் நாடக வழக்கம்.

20ஆம் வசனத்தில் மேய்ப்பர்கள் தேவனைத் துதித்துக்கொண்டே திரும்பிப் போகிறார்கள். மந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமே. போன கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்காக வெளியே வந்தபோது, எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள கொண்டோவின் காவலறையில் ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "ஹேப்பி கிறிஸ்துமஸ் அண்ணே" என்றேன். எழுந்து நின்று பதில் சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் கண்முன் வந்தது.

டீச்சரிடம் ஒன்று கேட்கலாம்: 15ஆம் வசனத்தை உங்கள் மகன் வாயால் சொல்ல இடம் உண்டா என்று. பெரும்பாலும் சரி என்பார்கள். தலைப்பாகைக்குத் தாத்தாவின் பழைய கட்டம்போட்ட துண்டு போதும், கடையில் எதுவும் வாங்க வேண்டாம். நாடகத்தன்று ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். டிசம்பரில் எல்லோரும் லீவு கேட்பார்கள். கிடைக்காவிட்டால், ஒரு நாள் மாலை யூனிபார்ம் போட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவனை ஹாலில் நிறுத்தி அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கூட நிற்கும் இன்னொரு மேய்ப்பனாக நீங்கள் இருங்கள்.