நீலமாக எரிகிறது, கிருமி சாகிறதா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் யு.வி. (புற ஊதா) விளக்கை மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்ய வந்தவர். போட்டு ஓராண்டுதான் ஆகிறது. நீல ஒளி நன்றாகவே தெரிகிறது. உள்ளே ஆர்கான் என்ற மந்த வாயு இருப்பதாகப் படித்தேன். அது தீர்ந்துபோகுமா? எரிகிற விளக்கை ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: ஆர்கான் தீரவில்லை. ஆனால் நீலம் தெரிவதை வைத்து விளக்கு வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கிருமியைக் கொல்வது 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. அது கண்ணுக்குத் தெரியாது. நீலம், கூடவே வரும் உபரி.

இரண்டையும் தருவது ஆர்கான் அல்ல, குழாய்க்குள் மிகச் சிறிய அளவில் இருக்கும் பாதரசம். ஆர்கானும் புற ஊதாவைத் தரும்தான். ஆனால் 105, 107 நானோமீட்டர் அளவில். அதைக் குழாயின் குவார்ட்ஸ் என்ற தனிவகைக் கண்ணாடிச் சுவரே விழுங்கிவிடும். பாதரச அணுவுக்கு 4.9 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் கிடைத்தால் போதும், அதை 253.7 நானோமீட்டர் ஒளியாகத் திருப்பித் தந்துவிடும். 1914-இல் ஃபிராங்க்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவியில் எலக்ட்ரான்களை மோதவிட்டுச் செய்த புகழ்பெற்ற சோதனையில் தென்பட்டதும் இதே 4.9தான்.

பிறகு ஆர்கான் எதற்கு? முதலில், விளக்கைப் பற்றவைக்க. எலக்ட்ரான் மோதிய ஆர்கான் அணுக்களில் சில, பெற்ற ஆற்றலை உடனே ஒளியாக விடமுடியாத ஒரு கிளர்வு நிலையில் மாட்டிக்கொள்கின்றன. அந்த நிலையின் ஆற்றல் 11.5 எலக்ட்ரான்வோல்ட். பாதரசத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 10.4 போதும். இரண்டு அணுக்களும் மோதினால் ஆற்றல் கைமாறுகிறது, பாதரசம் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது, மின்னோட்டம் தொடங்குகிறது. ஆர்கானையே அயனியாக்க 15.8 வேண்டும் என்பதால் இந்தக் குறுக்குவழி பெரிய லாபம். 1920களில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் இதை ஆராய்ந்த பென்னிங்கின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. எரியத் தொடங்கிய பிறகு எலக்ட்ரான்கள் பெரும்பாலும் நேராகவே பாதரசத்தைக் கிளர்த்துகின்றன. அப்போது ஆர்கானின் வேலை, எலக்ட்ரான்களும் அயனிகளும் சுவருக்கு ஓடிவிடாமல் தடுப்பது. (மந்த வாயுவே நேரடியாகப் பங்கெடுத்துப் புற ஊதா தரும் விளக்குகளும் உண்டு: செனான் 172, கிரிப்டான்-குளோரின் 222 நானோமீட்டர். உங்கள் இயந்திரத்தில் இருப்பது அந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு.)

இனி பழுதுக்கு வருவோம். நாள்பட நாள்பட குவார்ட்ஸின் உட்சுவர் பாதரசத்தின் தாக்குதலால் மங்குகிறது. அந்த மங்கல் நீலத்தை விட்டுவிடும், புற ஊதாவைத் தடுக்கும். சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இதே வாயுக்களை அடைத்தால் இதே நீலம் தெரியும், 253.7 வெளியே வராது. மலிவான மாற்று விளக்கு வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

சர்வீஸ்காரர் சொல்வது சரியா என்பது விளக்கு எரிந்த மணிக்கணக்கைப் பொறுத்தது. இத்தகைய விளக்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம். இரவு பகலாக எரிந்தால் ஓராண்டுக்கு 8,760 மணி. அப்படியானால் மறுபேச்சின்றி மாற்றுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும், தினமும் இரண்டு மணி நேரம் எரிகிறது என்றால் 730 மணிதான் ஆகியிருக்கும். அடிக்கடி அணைத்து ஏற்றுவது மின்முனைகளைத் தேய்க்கும் என்றாலும், ஓராண்டிலேயே மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். குழாயின் முனைகள் நன்றாகக் கறுத்திருந்தால் அது நியாயமான காரணம். இயந்திரத்தின் எச்சரிக்கை விளக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம்; பல இயந்திரங்களில் அது மின்னோட்டம் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் உறை இருந்தால் அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்போ இரும்புக் கறையோ படிந்திருந்தால் புது விளக்கும் பயன்படாது. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்தால் படிவு பெரும்பாலும் போய்விடும். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். கண் எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். பழைய விளக்கில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.