பழைய கணினிக்கு என்விஎம்இ பொருந்துமா?

கேள்வி: என்னிடம் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு. எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) கிடையாது. அடாப்டர் கார்டு வாங்கி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை) போட்டால் ஓடுமா? – ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக ஓடும். அந்தக் கார்டு எஸ்எஸ்டியின் இணைப்புகளை ஸ்லாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். வேகம் ஸ்லாட்டின் கையில். கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில் செருகுங்கள். எச்81 போர்டில் அது பிசிஐஇ (கார்டுகளை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) 2.0, எஸ்எஸ்டி பயன்படுத்தும் நான்கு லேனில், அதாவது நான்கு தரவுப் பாதையில், நொடிக்கு அதிகபட்சம் 2 ஜிபி. குட்டி எக்ஸ்1 ஸ்லாட்டுக்கான கார்டு வேண்டவே வேண்டாம். அதில் 500 எம்பிதான், சாதாரண சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டியே அதைத் தாண்டிவிடும்.

வாங்கும்போது கவனம். 'எம்.2' என்று மட்டும் கேட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். பயாஸிலும் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) இல்லை, விண்டோஸிலும் இல்லை. ஒரு மாலை முழுக்க கார்டைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றிப் பார்த்தால் தங்க நிற முனையில் இரண்டு வெட்டு, லேபிளில் பொடி எழுத்தில் 'சாட்டா'. அந்த வகை இந்தக் கார்டில் ஓடாது. ஒரே வெட்டு உள்ளதாக, 'என்விஎம்இ' என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், அந்தக் காலத்து பயாஸ் உள்ள கணினி பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. விண்டோஸ் பழைய டிரைவிலேயே இருக்கட்டும். வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம் புது எஸ்எஸ்டியில் வையுங்கள். பயாஸை மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.